விற்க ஆளில்லாத பங்கு

நிமேஷ் பம்புசெட் உதிரிபாகக் கடையை விற்றுவிட்டு பங்குச் சந்தைக்கு வந்தவன். கடை விற்ற பணத்தில் பாதிதான் மிச்சம். அதுவும் போனால் ராஜ்கோட்டில் அவனை நம்பிக் கடன் கொடுக்க ஆள் கிடையாது.

காலையில் வாங்கி, நாலு காசு ஏறியதும் விற்று, மறுபடி வாங்கி, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. கணிப்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் தரகுக் கூலியைக் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. தரகர் வேறு யாருமில்லை, மனைவி ஹேதலின் அண்ணன் தர்மேஷ்.

ஒரு வாரம் மூன்று தரகு ஆப்களை ஒப்பிட்டுப் பார்த்தான். சின்ன வியாபாரத்துக்குக் கூலியே இல்லை என்ற ஒன்றில் கணக்குத் தொடங்கினான். தர்மேஷிடம் சொன்னபோது அவர் கடலைமாவுக் காந்தியா இருந்த பலகாரத் தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க மாப்ளே. கூலி இல்லைன்னா அவன் என்ன, கோயில் கட்டப் போறானா?"

"நீங்க வாங்குற கூலியில நான் உங்களுக்குக் கோயில் கட்டிட்டேன், மச்சான்."

தர்மேஷ் சிரித்தார். நிமேஷ் சிரிக்கவில்லை. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சின்னக் கம்பெனிப் பங்கு காரணமில்லாமல் ஏறியது. இறங்கிவிடும் என்று நினைத்தான். கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, இறங்கியதும் அன்றே சந்தை மூடுமுன் வாங்கிக் கொடுப்பது அவனுக்குப் பழக்கம்தான். ஐம்பது பங்கு விற்றான். ஏறியது. இன்னும் ஐம்பது. ஒவ்வொரு தடவைக்கும் கூலி கொடுத்த காலத்தில் நாலாவது தடவையில் கை தானாக நின்றிருக்கும். இப்போது எதுவும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. விற்றுக்கொண்டே இருந்தான்.

மதியத்துக்குமேல் விலை அன்றைய உச்சவரம்பைத் தொட்டு உறைந்தது. வாங்க ஆயிரம் பேர் வரிசையில். விற்க ஒருவரும் இல்லை. திரையில் விற்பவர் பக்கம் வெறுமையாக இருந்தது. திரும்பத் திரும்ப வாங்கச் சொல்லி அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. சந்தை மூட சில நிமிடங்களே இருந்தன.

கை தானாக தர்மேஷின் எண்ணை அழைத்தது. பத்து வருடப் பழக்கம்.

"மச்சான், முடிச்சு விடுங்க. எப்படியாவது வாங்கி முடிச்சு விடுங்க."

"எதை மாப்ளே?"

அவன் பங்கின் பெயரைச் சொன்னான். மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அதுலயா? அதை விக்க விடாம உங்களை எத்தனை தடவை தடுத்திருக்கேன்! திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இப்ப முடிங்க."

"எப்படி முடிப்பேன்? உங்க கணக்கு என்கிட்ட இல்லையே மாப்ளே."

அவர் சொன்ன பிறகுதான் நிமேஷுக்கு அது உறைத்தது. ஆப்பில் உதவிக்கு ஒரு பெட்டி இருந்தது. எழுதினான். உங்கள் கேள்வி முக்கியமானது என்று பதில் வந்தது.

சந்தை மூடியது.

"இனி?" என்றான்.

"நீங்க கொடுக்க வேண்டிய பங்கைச் சந்தைக்காரங்களே ஏலத்துல வாங்குவாங்க. என்ன விலைக்குக் கிடைக்குதோ அந்த விலைக்கு. அபராதமும் உங்க தலையில." தர்மேஷின் குரல் தணிந்தது. "எவ்வளவு வித்தீங்க?"

சொன்னான்.

அடுப்படியில் ஹேதல் பாத்திரத்தை நகர்த்தினாள்.

"கடைப் பணத்துல மிச்சம் இருந்தது முழுக்கவா?"

"அதுவும் போதாது."

"அவளுக்குத் தெரியுமா?"

நிமேஷ் அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

"நான் வரட்டுமா?"

"வேண்டாம். நீங்க வந்தா, அவகிட்ட நீங்க சொன்ன மாதிரி ஆயிடும். நான்தான் சொல்லணும்."

"சரி. அப்ப நான் போனை வைக்கல. லைன்லயே இருக்கேன். போங்க."

போனைக் கையிலேயே பிடித்தபடி நிமேஷ் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றான். ஹேதல் திரும்பினாள்.

"யாரு, அண்ணனா? சமாதானம் ஆயிட்டீங்களா?" என்றாள் சந்தோஷமாக.