துஷாந்தினி வராத நாட்கள்

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சிங்களத்தில் ஐந்து நிமிடம் பேசினார். துஷாந்தினி அதை ஒரே வரியில் தமிழாக்கி அம்மாவிடம் கொடுத்தாள்.

"நான் நல்லா படிக்கிறேனாம்மா."

லீலா மகளைப் பார்க்கவில்லை. டீச்சரின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் வரவுப் புத்தகத்தில் ஒரு வரியின் மேல் அந்த விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. வரி முழுக்கச் சிவப்பு மையில் சின்னச் சின்ன வட்டங்கள், கொசு கடித்த கை மாதிரி. நல்லா படிக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர் இப்படி உதட்டை இறுக்கிக்கொள்ள மாட்டார். அதுவும் போக, லீலாவுக்குச் சிங்களம் அடியோடு தெரியாது என்றில்லை. பஸ் ஏற, சாமான் வாங்க, கடையில் மிச்சம் கேட்கப் போதுமான அளவு இருந்தது. 'ஆவே நே' என்றால் வரவில்லை. டீச்சர் அதை மூன்று தரம் சொல்லிவிட்டார்.

"வேற என்ன சொன்னாங்க?"

"எழுத்து அழகாம்."

டீச்சர் இன்னொரு தாளை எடுத்தார். பன்னிரண்டு பெயர்கள் எழுதியிருந்த தாள். பதினொரு பெயர் நீல மையில். கடைசிப் பெயர் மட்டும் பென்சிலில். அதைத் தட்டிக் காட்டி ஏதோ கேட்டார். கேள்வி என்று தெரிந்தது, பதில் சொல்லத்தான் தெரியவில்லை. லீலா தலையாட்டி வைத்தாள். டீச்சரின் முகம் இன்னும் சுருங்கியது. ஆட்டக்கூடாத இடத்தில் ஆட்டிவிட்டோம் என்று லீலாவுக்கு விளங்கியபோது அடுத்த பிள்ளையின் தாய் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் றுஸைனா நின்றாள். நாவுல ஊருக்குப் போகிற பஸ் நிற்கிற சந்தியில் கடை வைத்திருப்பவள். அவளுடைய மகனும் அதே நாலாம் வகுப்பு. அவள் வீட்டில் தமிழ், கடையில் சிங்களம்.

"றுஸைனாக்கா, நீங்க எனக்குப் பின்னாடிதானே உக்காந்திருந்தீங்க. டீச்சர் என்ன சொன்னாங்க?"

றுஸைனா துஷாந்தினியைப் பார்த்தாள். துஷாந்தினி தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

"மகள் சொல்லல்லையா புள்ள?"

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா நீ இங்கேயே கத்துவாய்."

"கத்தமாட்டேன்."

"இந்தத் தவணையில பத்தொன்பது நாள் இவ பள்ளிக்கூடம் வரல்ல. அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்புக்குப் பின்னேர வகுப்பு ஒண்டு வெக்கப் போறாங்க. பன்னெண்டு பேருக்குத்தான் எடம். ஒன் மகளுக்கு மூளை இரிக்கி, அதனால பேரைப் பென்சிலால எழுதி வெச்சிரிக்கி. வெள்ளிக்கெழம லிஸ்ட் ஒட்டுவாங்க. அதுக்குள்ள இன்னொரு நாள் வராம விட்டா அழிச்சிட்டு வேற புள்ளயப் போடுவாங்களாம்." றுஸைனா குரலைத் தாழ்த்தினாள். "தாய்க்கு அக்கறை இல்லையாண்டு கேட்டாங்க. நீ ஓம் எண்டு தலையாட்டின."

லீலா கத்தவில்லை. மகளின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பிள்ளை "அம்மா, வலிக்குது" என்றாள்.

லீலா காலையில் ஆறேகாலுக்கு வீட்டை விட்டு இறங்குகிறவள். ஆறரைக்குப் பெரட்டு என்கிற ஆள்கணக்கு; பேர் கொடுத்துவிட்டு ஏணியும் சாக்குமாக மிளகுக் காட்டுக்குள் போனால் மாலைதான் வெளியே வருவாள். பிள்ளைக்குத் தலை பின்னி, சோறு கட்டி வைத்துவிட்டுத்தான் போவாள். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் அனுப்புவது புருஷன் சசிக்குமாரின் வேலை. அனுப்பினேன் என்பான். அவளும் நம்பினாள்.

மிளகுக் காட்டுப் பாதையில் ஏறும்போது கேட்டாள்.

"எங்கடி போன, பத்தொன்பது நாளும்?"

"முத்துவீரன் தாத்தாகூட கிளினிக்குக்கு."

"பத்தொன்பது நாளுமா?"

"இல்ல. மத்த வீட்டு ஆளுங்ககூடவும் கிளினிக்குக்குப் போனேன். கரண்ட் ஒபீசுக்கு ரெண்டு நாளு. கச்சேரி ஒபீசுக்கு மூணு நாளு. பொலிசுக்கு ஒருநாளு, ஆறாம் வீட்டு மாடு காணாமப் போனதுக்கு."

"பொலிசுக்குமா?"

"அங்க எனக்கு உக்காரக் கதிரை குடுத்தாங்கம்மா." துஷாந்தினியின் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. அம்மாவின் முகத்தைக் கண்டதும் ஒளிந்துகொண்டது. "அப்பாதான் ஒரு நாளுதானே, போயிட்டு வான்னாரு. வரும்போது திங்க ஐஸ் பக்கெட் வாங்கித் தருவாங்க. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு."

ஐஸ் பக்கெட். மகளுடைய படிப்பு ஐஸ் பக்கெட்டுக்குப் போயிருக்கிறது. லீலா கல்லில் கால் இடறி, அந்தக் கல்லையும் திட்டினாள்.

அவர்களுடையது தோட்டத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய ஆறு வீட்டு லயம். கிட்டத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால்தான் துஷாந்தினியை இங்கே சேர்த்தார்கள். அதனால்தான் அந்த ஆறு வீட்டிலும் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஒன்பது வயதுப் பிள்ளையானாள். லயத்துக்கு வருகிற கடிதமெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். அதில் லீலாவுக்கும் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. கடிதம் வாசிக்கக் கூப்பிட்டபோது அவளே அனுப்பி வைத்திருக்கிறாள். அது இப்படி வளர்ந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அந்த நினைப்பு அவளுடைய கோபத்துக்கு இன்னும் விறகு போட்டது.

சசிக்குமார் ஐந்து மணிக்கு வந்தான். தோட்டத்து ஸ்டோரில் மிளகு காயப்போட்டுப் புடைக்கிறவன். வாசலிலேயே நாலு தும்மல் தும்மிவிட்டுத்தான் உள்ளே வருவான். இன்றைக்கு மூன்றாவது தும்மலிலேயே லீலா தொடங்கிவிட்டாள்.

"பத்தொன்பது நாளு."

"என்ன பத்தொன்பது?"

"உங்க மக பள்ளிக்கூடம் போகாத நாளு. என்னக் கேக்காம நீங்க வாடகைக்கு விட்ட நாளு."

சசிக்குமார் மகளைப் பார்த்தான். துஷாந்தினி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாடகையா? யாருகிட்ட ஒரு சதம் வாங்கினேன்? ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதானே. அந்த மனுசனுக்குக் கண்ணு தெரியல்ல. பிள்ளை போய் நாலு வார்த்தை பேசினா என்ன கொறைஞ்சிரும்?"

"அதான் சொல்றேனே, பத்தொன்பது கொறைஞ்சிருச்சு. அந்த டீச்சரம்மா என்னக் கேக்கிறாங்க, தாய்க்கு அக்கறை இல்லையான்னு. நான் ஓம்னு தலையாட்டிட்டு வந்து நிக்கிறேன்!"

"சத்தம் போடாத. லயம் முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டும். கேக்கணும்னுதான் கத்துறேன். தமிழ்லதானே கத்துறேன்? இது விளங்குறதுக்கும் என் மக வந்து சொல்லணுமா?"

பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

"உங்களுக்குச் சிங்களம் தெரியாதா? லொறிக்காரன்கிட்ட அருவி மாதிரி கொட்டுறீங்களே. கிரிக்கெட் நாளையில கடைவாசல்ல நின்னு நாட்டுக்கே வியாக்கியானம் சொல்றீங்களே. அந்த மனுசன நீங்களே கூட்டிட்டுப் போகவேண்டியதுதானே?"

"லொறிச் சிங்களம் வேற, ஒபீஸ் சிங்களம் வேற."

"வேறன்னா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் கம்பு தட்டுப்பட்டது. மூன்றாம் வீட்டு முத்துவீரன். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி.

"லீலா, மருமகளே, இருக்கியா? நாளைக்கு கிளினிக்கு. பாப்பாவை ஆறரை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டா..."

இவ்வளவு சத்தத்துக்குப் பிறகும் அவர் வந்து கேட்கிறார். காதும் போய்விட்டதா, அல்லது வேறு வழியில்லையா? லீலா வாயைத் திறந்தாள். அவருடைய இடது கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெள்ளை. வாசல் படியைக் காலால் தேடிக்கொண்டு நின்றார். இவரைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது? இப்படித்தான், ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவர் பாவமாக வந்து நிற்பார். பாவத்தைப் பார்த்துப் பார்த்துப் பத்தொன்பது.

"பாத்தியா?" என்றான் சசிக்குமார் மெதுவாக. "நீயே சொல்லு இப்ப, முடியாதுன்னு."

"நான் போகமாட்டேன்."

சொன்னது துஷாந்தினி. அடுப்புப் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"ஏன் பாப்பா?" என்றார் முத்துவீரன்.

பிள்ளை அழத் தொடங்கினாள். விக்கல் விக்கலாக வந்த அழுகையிலிருந்து லீலா வார்த்தைகளைப் பொறுக்கிக் கோர்க்க வேண்டியிருந்தது. போன மாதம் டொக்டர் சொன்னாராம், மருந்து விட்டுப் பிரயோசனமில்லை, கண்ணை வெட்டித்தான் வெள்ளையை எடுக்கணும் என்று. நாளைக்கு வார்டில் தங்குகிற மாதிரி உடுப்போடு வரவேண்டுமாம். கொப்பியிலும் எழுதியிருக்கிறதாம். தாத்தா பயப்படுவாரே என்று இவள் அதைச் சொல்லவில்லை.

"அப்ப என்னதான் சொன்ன?"

"மருந்து விட்டாச் சரியாயிரும்னு."

முத்துவீரன் கொப்பியைத் தடவிப் பார்த்தார், எழுத்து விரலில் தட்டுப்படும் என்பதுபோல.

"பரவாயில்ல," என்றார். "சின்னப் பிள்ளை. நான் பயந்துருவேன்னு..."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க மாமா!" லீலாவின் சத்தத்தில் சுவரில் சாத்தியிருந்த சுளகு சரிந்து விழுந்தது. "நாளைக்கு நீங்க சும்மா போயிட்டுச் சும்மா வந்திருப்பீங்க. கண்ணு போயிருக்கும். ஒன்பது வயசுப் பிள்ளை வாயில இதையெல்லாம் வெச்சது யாரு? வெட்டணும்னு ஒரு பெரிய மனுசன் முகத்தைப் பாத்து அது எப்படிச் சொல்லும்? இன்னைக்கு என்கிட்டயும் அதைத்தான் செஞ்சிச்சு. எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லிச்சொல்லி நம்மளையெல்லாம் இது தூக்கிக்கிட்டுத் திரியுது!"

அவள் சசிக்குமாரின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு நீ போற."

நீங்க, நீயாகிவிட்டது. அவனும் கவனித்தான்.

"ஸ்டோர்ல லீவு தரமாட்டாங்க."

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல லீவு குடுத்தாங்களா?"

"லீலா, ஒனக்குத் தெரியாது." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "அன்னைக்கு ஐடி கார்டு எடுக்கப் போனப்ப, அந்த கவுன்டர்ல இருந்த பொடியன் திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னு நாலு தரம் சொல்ல வெச்சான். வெளங்காம இல்ல. பின்னாடி கியூவில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. இவ என் பக்கத்துல நின்னா. இவதான் அப்புறம் பேசினா. அவ பேசினதும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு."

லீலாவுக்கு அது புதிது. ஒரு கணம் அவனுக்காக உள்ளே என்னவோ அசைந்தது. ஆனால் அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட அவள் தயாராக இல்லை.

"சிரிச்சா சிரிக்கட்டும். பல்லுதானே தெரியும். உனக்கு வெக்கமா இருக்குன்னு அவள அனுப்பினியா? மாமாவுக்கு உடுப்பு எடுத்து வை. ஆறரை பஸ்."

காலையில் சசிக்குமார் கல்யாண வீட்டுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். பொத்தானைத் தப்பாக மாட்டியிருந்தான். வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். துஷாந்தினி பக்கத்தில் போய், "அப்பா, வார்ட்ல தங்கணும்னா எப்படிச் சொல்லணும் தெரியுமா..." என்று தொடங்கினாள்.

"நீ சப்பாத்தைப் போடு," என்றாள் லீலா. "அவரு கண்டுபிடிச்சுக்குவாரு."

முத்துவீரன் ஒரு கையில் கம்பும் மறுகையில் சசிக்குமாரின் தோளுமாக இறங்கிப் போனார்.

லீலா பெரட்டுக்குப் போகவில்லை. அரைநாள் பேரும் கூலியும் போனால் போகட்டும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பவில்லை. வகுப்புக்குள்ளேயே போனாள். முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று அவளைப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். மேசையில் அந்தத் தாள் இருந்தது. பென்சில் பெயர் இன்னும் இருந்தது. பக்கத்திலேயே அழிறப்பர்.

பாதை முழுக்கக் கூட்டிச் சேர்த்த சிங்களத்தை லீலா எடுத்தாள். அது நேராக நிற்கவில்லை. முன்னது பின்னும் பின்னது முன்னுமாக விழுந்தது. பின்வாங்கில் ஒரு பொடியன் சிரித்தான். அவள் நிறுத்தவில்லை. நான் அம்மா. எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். மகள் எல்லா நாளும் வருவாள். "ஹெமதாம எனவா," என்று கடைசியை மட்டும் இரண்டு தரம் சொன்னாள், இரண்டாம் தரம் மேசையில் விரலால் குத்தி.

டீச்சர் நீளமாக ஏதோ சொன்னார். துஷாந்தினி வாயைத் திறந்தாள்.

"நீ போய் உக்காரு," என்றாள் லீலா. "எனக்கு விளங்குது."

அவளுக்கு விளங்கியது இரண்டே சொல்தான். வெள்ளிக்கிழமை என்பது ஒன்று. பார்க்கலாம் என்பது மற்றது. டீச்சர் அழிறப்பரை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

துஷாந்தினி தன் இடத்தில் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். லீலா வெளியே வந்தாள். மிளகுக் காட்டை நோக்கி ஏறும்போதும் கோபம் இறங்கியிருக்கவில்லை. நாளைக்கும் யாராவது ஒருவர் பொலித்தீன் பையில் கடிதத்தைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். வரட்டும். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை ஏறுகிற ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.