வாசல் இல்லாத வீட்டில் வெள்ளிவிழா

முன்கதவு தரையில் உரசியது. அவ்வளவுதான் விஷயம். மார்ச் மாதம் என் கணவர் தோர்கில்ட் இழைப்புளியைக் கையில் எடுத்து, "ஒரு மணி நேர வேலைம்மா" என்றார்.

கதவைக் கழற்றினார். நிலை உளுத்துப்போயிருந்தது. நிலையைப் பெயர்த்தார். கூடவே நாலு செங்கல் வந்தது. டென்மார்க்கில் எங்கள் யூட்லாந்துப் பகுதியின் மேல்காற்று நேராக அடிக்கிற பக்கத்தில் எவன் வாசல் வைத்தான் என்று திட்டிவிட்டு, வாசலையே இடம் மாற்றலாம் என்றார். எதையும் முறையாகச் செய்கிறவர் அல்லவா, முதலில் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். புது வாசல் எங்கே என்பதை மட்டும் ஜூன் வரை முடிவு செய்யவில்லை. பின்கதவை அவர் வாங்கிக் குவித்த பலகைகள் மறித்துக் கிடந்தன. சமையலறை ஜன்னலில் ஏணி வைத்து ஏறி இறங்கினோம்.

ஏணியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஜூன் பதினான்கு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். எங்கள் தெருவில் வெள்ளிவிழா என்றால் அக்கம்பக்கத்தார் விடியும்போதே வந்து வாசலைச் சுற்றிப் பச்சைக் கிளைகளால் வளைவு கட்டுவார்கள். பாட்டுப் பாடி எழுப்புவார்கள். தம்பதி வளைவுக்கடியில் வந்து நிற்க வேண்டும். எத்தனையோ வீட்டு வளைவுக்குக் கிளை கட்டி என் கையெல்லாம் பிசினாகியிருக்கிறது. என் முறை வந்தபோது வாசலே இல்லை.

"வளைவ எதுல கட்டுவாங்க? செவுத்துலயா?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் வேணாம்னு சொல்லிடலாம்மா."

"அடுத்த வருஷம் இருபத்தாறு. அதுக்கு எவன் வருவான்?"

நான் ஜன்னலேறி வெளியே போய் அழுதேன்.

பதினான்காம் தேதி காலை ஐந்தரைக்குச் சுத்தியல் சத்தம். இன்றைக்குமா என்று எரிச்சலோடு திரும்பினால், தோர்கில்ட் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சமையலறைக்கு ஓடினேன். ஜன்னலைச் சுற்றிப் பச்சை வளைவு. உச்சியில் வெள்ளித்தாளில் வெட்டிய இருபத்தைந்து. ஏணியின் ஒவ்வொரு படியிலும் வெள்ளை ரிப்பன். கீழே தெருவே நின்று பாடியது. எதிர்வீட்டு யூட்டே ஏணியைப் பிடித்திருந்தாள்.

"மணப்பொண்ணே, பாத்து எறங்கு. ஒன் புருஷன் வச்ச ஏணி, நம்ப முடியாது."

இரவு உடையோடு இறங்கினேன். பின்னாலேயே தோர்கில்ட். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அழுதுகொண்டே சிரித்தேன்.

பாட்டு முடிந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "வாசல எங்க வைக்கலாம்னு நீயே சொல்லிடும்மா. நீ எங்க சொல்றியோ அங்க."

நான் வளைவைக் காட்டினேன். "இங்கதான். இதத் தவிர வேற எடம் கெடையாது."

"அப்ப சமையலறைய அந்தப் பக்கம் மாத்தணுமே." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு மணி நேர வேலைதானே, தோர்கில்ட்?" என்றாள் யூட்டே.

அவர் இரவு உடையின் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.