மதிவதனிக்கு ஒரு வீடு

ஆவடி மார்க்கெட் பக்கம் வீட்டு புரோக்கர் கோவிந்தனின் கடையில் ஒரு மேஜையும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் சாவிகள் தொங்கும் ஒரு பலகையும்தான் உண்டு. பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் எந்தத் தெருவில் எந்த வீடு காலியாகப் போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வீட்டுக்காரர்கள் மனதில் இருப்பதை அவரிடம் சொல்வார்கள். பேச்சிலர் வேண்டாம், கறி சமைக்கிறவர்கள் வேண்டாம், வக்கீல் வேண்டாம், இன்ன சாதி வேண்டாம். வீடு தேடி வந்தவரிடம் அதை அப்படியே சொல்ல முடியாது. "அது நேத்தே போய்ட்ச்சு சார்" என்று கோவிந்தன் சொல்லிவிடுவார். இருபது வருடமாக அப்படித்தான் அந்தத் தொழில் ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை ஜெயராமன் போன் செய்தார். சொந்தமாக மூன்று ஃபிளாட் வைத்திருப்பவர். மாடி ஃபிளாட்டில் நிர்மல், மதிவதனி என்ற இளம் தம்பதியைக் குடிவைத்ததே கோவிந்தன்தான்.

"கோவிந்தன், அந்தப் பொண்ணுக்கு கேன்சராமே. ஆஸ்பத்திரில கைவிட்டுட்டாங்களாம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறேன்னு அந்தப் பையன் சொல்றான்."

"ஆமா சார். நானும் கேள்விப்பட்டேன். பாவம்."

"பாவந்தான். யார் இல்லேன்னாங்க? என் பொண்ணு கீழ்வீட்ல ஏழு மாசம். அடுத்த வாரம் வளைகாப்பு. இந்த நேரத்துல மாடியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அக்ரிமென்ட் எப்பவோ முடிஞ்சாச்சு. நீங்க கொண்டுவந்து வெச்ச ஆளு, நீங்களே வேற இடம் பாத்துக் குடுத்துடுங்க."

கோவிந்தன் நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தார். ஜெயராமன் கோபப்படவில்லை. காபி கொடுத்தார். நிர்மல் நல்ல பையன் என்று பலமுறை சொன்னார். ஆனால் மாடிப்படிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருந்தார்.

மத்தியானம் நிர்மல் கடைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. விருதுநகர் பக்கத்துப் பையன், அவள் விழுப்புரம். காதலித்துச் செய்துகொண்ட கல்யாணம் என்பதால் இரண்டு ஊர் வாசலும் மூடித்தான் கிடந்தது. மதிவதனிக்கு உடம்பு இப்படி ஆன பிறகு அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறான். யாரோ எடுத்து, பேசாமலே வைத்துவிட்டார்கள்.

"போலீசுக்குப் போலாமாண்ணே?" என்று கேட்டான்.

"போலாம். வந்து பூட்டத் தொறந்தும் குடுப்பாங்க. அப்பால அந்த ஊட்ல அந்தப் பொண்ணு நிம்மதியா படுத்துகினு இருக்க முடியுமா, சொல்லு. கீழேர்ந்து தெனமும் பேச்சு வரும். அது காதுல வுழும்."

நிர்மல் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றைக்கு இருவரும் கோவிந்தனின் பைக்கில் அலைந்தார்கள். முதலில் உண்மையைச் சொல்லியே கேட்டார்கள். ஓர் அடுக்குமாடியில் வீட்டுக்காரர் சம்மதித்தார். அங்கிருந்த குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் லிஃப்ட் அருகிலேயே வழிமறித்து, குழந்தைகள் இருக்கிற இடம் என்றார். இன்னொருவர் வாஸ்து பார்க்க வேண்டும் என்றார். வேறொரு அம்மாள் நிர்மலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுதபடியே முடியாது என்றார்.

கோயில்பதாகையில் ஒரு வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. குடியிருந்தவர் அங்கே தூக்கு மாட்டிக்கொண்டதால் யாரும் வரவில்லை. அதையாவது தருவார்கள் என்று கோவிந்தன் நம்பினார். வீட்டுக்காரன் சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் பார்த்தான்.

"அண்ணாத்தே, ஏற்கெனவே ஒண்ணு ஆயி நான் பட்டுகினு கீறேன். ரெண்டாவதும் ஆச்சுன்னா அத்த இடிச்சுத்தான் போடணும்."

வெயில் சாயும் நேரத்தில் திருமுல்லைவாயலில் ஒரு தரைத்தள வீட்டுக்கு வந்தார்கள். ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், தனியாக மாடியில் இருந்தார். இந்த முறை கோவிந்தன் பொய் சொன்னார்.

"சாரோட வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிருக்கும்மா. ரெஸ்ட்ல இருக்கணும், அவ்ளோதான்."

நிர்மல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீச்சர் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஆம்புலன்ஸ் வேன் அந்த வாசலில் வந்து நின்றது. டிரைவர் லோகேஷ் பின்கதவைத் திறந்தான். ஸ்ட்ரெச்சரில் இருந்தவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தலையில் முடி இல்லை. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். டீச்சர் மாடிப்படியில் பாதி இறங்கி வந்தவர், அந்த முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இறங்கி வந்து கேட்டைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார்.

"என்னை ஏமாத்திட்டீங்க. நான் தனியா இருக்கிறவ. இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது. தயவுசெய்து போயிடுங்க."

"அம்மா, கொஞ்ச நாள்தான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று கோவிந்தனுக்கு உறைத்தது. வேனுக்குள் இருந்து நிர்மல் அவரைப் பார்த்தான்.

எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் தெரிந்தார்கள். லோகேஷ் பக்கத்தில் வந்து, "அண்ணே, எனுக்கு அடுத்த கேஸ் கீது. எங்கனா எறக்குங்க. சிலிண்டரும் ரொம்ப நேரம் வராது" என்றான். குரலில் கடுமை இல்லை. அவனும் தவித்தான்.

மதிவதனி மெதுவாக நிர்மலிடம் கேட்டாள்: "வார்டுக்கே திரும்பப் போயிடலாமா?"

"அந்த பெட்ல வேற ஆள் போட்டாச்சு, மதி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப இந்த வண்டியிலயே இருந்துடறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல."

கோவிந்தன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்தத் தெருவில் மட்டும் ஆறேழு வீட்டை அவர் வாடகைக்கு விட்டிருப்பார். பால் காய்ச்சிய அன்று அந்த வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு கதவைக்கூட இப்போது தட்ட முடியாது என்று தெரிந்தது.

"சேக்காட்டுக்கு வுடுப்பா" என்றார் லோகேஷிடம்.

"அங்க யாரு ஊடு?"

"என் ஊடுதான்."

அது அவருடைய சொந்த வீடு அல்ல. ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுக்கும் கோவிந்தனும் வாடகைக்குத்தான் இருந்தார். மாடியில் வீட்டுக்காரி பொன்னியம்மா, கீழே கோவிந்தன் குடும்பம். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை. மனைவி நாகவல்லி வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். மகள் எழிலரசி பிளஸ் டூ, பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த அந்த ஒரே அறை அவள் படிப்பதற்கு.

வேன் நின்றதும் நாகவல்லி கழுத்தில் இஞ்ச் டேப்போடு வெளியே வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கணவனைத் தனியாக இழுத்தாள்.

"இன்னா இது?"

"எங்கயும் எடம் கெடைக்கல, நாகு."

"அதுக்கு? பொண்ணு பரிட்சை எய்தப் போறா. மேல அந்தக்கா கீது. தெரிஞ்சா நம்மளையும் தொரத்துவாங்க. ஒரு வார்த்தை என்னாண்ட கேட்டியா நீ?"

"கேட்டா வேணான்னு சொல்வே."

"சொல்வேன் தான். சொல்லக் கூடாதா நானு? ஊர்ல கீற ஊட்டுக்காரன் எல்லாம் சொல்றான், நான் மட்டும் சொல்லக் கூடாதா?"

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்த நீர். நாகவல்லி திரும்பி உள்ளே போனாள். ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. மகளின் மேஜையை அவளே அறையிலிருந்து சமையலறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பொன்னியம்மாவிடம், நாகவல்லியின் சித்தி மகள், சிகிச்சைக்கு வந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். நாகவல்லி முதலில் அந்த அறைக்குள் அதிகம் போகவில்லை. கஞ்சியை நிர்மலிடம் கொடுத்து அனுப்புவாள். நிர்மலுக்குப் பெண் உடம்பைக் குளிப்பாட்டத் தெரியவில்லை. படுக்கைப் புண்ணில் கை பட்டு மதிவதனி கத்தியபோது நாகவல்லி உள்ளே போய், "நகரு" என்று அவனை வெளியே அனுப்பிவிட்டு ஈரத்துணியை வாங்கினாள். அதன்பிறகு அந்த வேலை அவளுடையது ஆகிவிட்டது.

வலி குறைந்திருக்கும் நேரத்தில் மதிவதனி கோவிந்தனிடம் பேசுவாள். அவர் அறை வாசலில் உட்கார்ந்துகொள்வார்.

"அண்ணே, இத்தனை வீடு பாத்திருக்கீங்களே, உங்களுக்குன்னா எதை எடுத்துப்பீங்க?"

அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. யோசித்தார்.

"நூம்பல் பக்கம் ஒண்ணு கீதும்மா. சின்ன ஊடு. பின்னாடி ஒரு முருங்க மரம், ஒரு தொவைக்கிற கல்லு. காத்தால வெயிலு நேரா அடுப்புமேல வந்து வுழும். அத்த மட்டும் நான் ஆருக்கும் காட்டினதில்ல. ஏன்னு தெரியல."

"காட்டாதீங்க" என்று அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

பொன்னியம்மாவிடம் ரொம்ப நாள் மறைக்க முடியவில்லை. ஒருநாள் இட்லி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள், கட்டிலருகே நின்று பார்த்துவிட்டு, தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கோவிந்தனைப் படிக்கட்டடியில் நிறுத்தினாள்.

"அது உன் சொந்தமில்ல, இல்ல?"

"இல்லக்கா."

"எனுக்கும் மனசு கீதுப்பா. ஆனா ஊட்டுல ஆவக்கூடாது. என் புள்ள அடுத்த வருஷம் கீழ குடி வரான். மருமவளுக்குத் தெரிஞ்சா இந்த ஊட்ல காலு வெக்க மாட்டா. மூச்சு இழுக்கறாப்ல தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிடு. இத்த மட்டும் எனுக்குச் சத்தியம் பண்ணிக் குடு."

கோவிந்தன் சத்தியம் செய்தார். வேறு வழி தெரியவில்லை. நிர்மலிடம் சொன்னபோது அவன், "சரிண்ணே" என்று மட்டும் சொன்னான். ஆனால் மதிவதனி நாகவல்லியிடம் வேறொன்று கேட்டிருந்தாள். இனி தன்னைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம் என்று. வேனில் அந்தத் தெருவில் கிடந்த நேரம்தான் வலியைவிடக் கொடுமையாக இருந்தது என்று சொல்லியிருந்தாள். அதை நாகவல்லி யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரை வெயில் ஏறத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு காலையில் மதிவதனிக்கு மூச்சு மாறியது. எழிலரசி அன்று கணக்குத் தேர்வுக்குப் போயிருந்தாள். நிர்மல் மதிவதனியின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். கோவிந்தன் கூடத்துக்கும் அறைக்கும் நடந்தார். செய்து கொடுத்த சத்தியம் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். அதற்குள் மாடியிலிருந்து பொன்னியம்மாவே 108க்குப் போன் செய்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள்.

நாகவல்லி வாசல்படியில் வந்து நின்றாள். நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அது எங்கயும் வர்ல தம்பி. நீங்க போங்க."

"நாகு" என்றார் கோவிந்தன். "அக்காக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்துகீறேன்."

"நீ குடுத்தே. நான் குடுக்கல."

மாடிக் கைப்பிடிச் சுவரோரம் பொன்னியம்மா நின்றிருந்தாள். நாகவல்லி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கக்கா. நீ எங்கள இன்னா வேணா பண்ணிக்க. இத்தத் திரும்பத் தெருவுல போட என்னால ஆவாது."

பொன்னியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவர்களில் ஒருவன் உள்ளே போய் நாடி பார்த்தான். வெளியே வந்து, இனி நகர்த்துவதில் பலன் இல்லை என்று தணிந்த குரலில் சொன்னான். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மதிவதனி இரண்டு மணி வாக்கில் இறந்தாள். எழிலரசி தேர்வு முடிந்து திரும்பியபோது தெருவில் யாரும் வெளியே இல்லை. எல்லா ஜன்னலும் அடைத்திருந்தது. அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, சீருடையோடு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நிர்மல் சாம்பலை வாங்கிக்கொண்டு விழுப்புரம் போனான். மதிவதனியின் அம்மா வாங்கிக்கொண்டாளா என்று அவன் சொல்லவில்லை. சில வாரத்தில் பெங்களூருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான்.

அன்றே தங்கை வீட்டுக்குப் போய்விட்ட பொன்னியம்மா பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் திரும்பி வந்தாள். வீட்டைக் கழுவிவிட்டு ஐயரை வைத்து ஹோமம் செய்தாள். பிறகு கோவிந்தனைக் கூப்பிட்டு, மாசக் கடைசியில் காலி செய்யச் சொன்னாள். சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சொன்ன நாளை மாற்றவில்லை.

கோவிந்தன் தனக்காக வீடு தேடத் தொடங்கினார். அதற்குள் செய்தி பரவியிருந்தது. வழக்கமாகச் சாவி கொடுத்து வைக்கும் வீட்டுக்காரர்கள் சிலர் வந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். திருமுல்லைவாயல் டீச்சர் போனையே எடுக்கவில்லை. பலகையில் ஆணிகள் மட்டும் தெரிந்தன. பத்து வீடு கேட்டார். நேற்றே போய்விட்டது என்று அவரிடமே சொன்னார்கள், அவர் சொல்லும் அதே பணிவான குரலில். நூம்பல் வீட்டையும் கேட்டார். அது விற்றுப்போயிருந்தது, முருங்கையை வெட்டி, தூண்களுக்குக் குழி தோண்டியிருந்தார்கள்.

கடைசியில் பூந்தமல்லிக்கு அப்பால், பஸ் போகாத ஒரு லேஅவுட்டில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

சாமான்களைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். ஒரு பெண்ணின் குரல்.

"ஆவடி புரோக்கர் கோவிந்தன் சாருங்களா? என் பேரு ரேஷ்மா. எங்க அப்பாவை ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எங்க ஹவுஸ் ஓனர் வேணாங்கிறார். எங்க கேட்டாலும் தர மாட்டேங்கிறாங்க. உங்ககிட்ட கேட்டா கிடைக்கும்னு ஆம்புலன்ஸ்காரர் ஒருத்தர் சொன்னார்."

கோவிந்தன் தையல் மெஷினைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். தன்னிடம் ஒரு வீடும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மறுமுனையில் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது கேட்டது.

நாகவல்லி வண்டியின் மேலிருந்து, "ஆருயா?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் எழிலரசியைப் பார்த்தாள், கட்டி வைத்த மூட்டைகளைப் பார்த்தாள், பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"எந்த ஆஸ்பத்திரிலம்மா கீறீங்க?" என்று கோவிந்தன் போனில் கேட்டார்.