மாமியார் கொடுத்த கள்ளி

அந்தத் தொட்டி வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றைக்கே பட்டறைக்காரனுக்கு அதைப் பிடிக்கவில்லை. கள்ளி என்றார்கள், முள்ளைக் காணோம். செடி என்றார்கள், இலையைக் காணோம். நண்டுக்கால் மாதிரி ஒரு பட்டையின் நுனியில் இன்னொரு பட்டை முளைத்து, தொட்டியின் நாலு பக்கமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. வருஷக் கடைசியில் ஒரே ஒரு தடவை பூக்குமாம். மற்ற மாசமெல்லாம் இப்படியே தூங்கி வழியுமாம். இந்த லட்சணத்தில் ஒரு மனுஷன் வேலை பார்த்தால் பட்டறையில் அரை நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

உண்மையில் அவனுக்குச் செடியோடு தகராறு ஒன்றும் இல்லை. அதோடு கூட வந்த நிபந்தனையோடுதான்.

அவன் மாமியார் தனியாக இருப்பவள். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு துவைத்தவள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகி, வேலையை விட்ட பிறகும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நாலாவது தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். ஆகஸ்ட் மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்க வந்ததால் தெரிந்தது. எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் பட்டறைக்காரன் மனைவிக்கு அன்றோடு நிம்மதி போயிற்று.

"நம்ம பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயாச்சு. அந்தச் சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு. அம்மா வந்து இருக்கட்டுமே" என்றாள்.

அவளுக்கு அது சும்மா கிடக்கிற ரூம். அவனுக்கோ அதுதான் உயிர் தங்குகிற இடம். காலை ஏழு மணியிலிருந்து நாலு மணிவரை தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் அவன். நிமிஷத்துக்கு நாற்பது அடி. ஒவ்வோர் அடியும் உள்ளங்காலில் புகுந்து பல்லில் வந்து முடியும். வீடு திரும்பும்போது இரண்டு காதிலும் வண்டு குடைந்துகொண்டிருக்கும். மனைவி தையல் ஆலையில் இரண்டாம் ஷிப்ட். மதியம் போனால் ஆலை பஸ் பதினொரு மணிக்குத்தான் கொண்டுவந்து விடும். ஆக, நாலரை மணியிலிருந்து அவன் தூங்கும்வரை வீட்டில் ஒரு சொட்டுச் சத்தம் கிடையாது. மகள் ரூமில் கட்டிலில் மல்லாந்து, காலை நீட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். ஒன்பது பேர் ஒரே அறையில், ஒருத்தன் காலடியில் இன்னொருத்தன் தலைமாட்டை வைத்துத் தூங்கி வளர்ந்தவன். நாற்பத்தெட்டு வயசில்தான் முழங்காலை மடக்காமல் படுக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? விழுந்து கிடந்த கிழவியை வரவேண்டாம் என்று சொல்பவன் மனுஷனா என்று அவனே தன்னைக் கேட்டுப் பார்த்தான். பதில் அவனுக்குச் சாதகமாக இல்லை. அதனால், "வரட்டுமே, அதுக்கென்ன" என்றான்.

நல்லவேளையாக மாமியாரே முரண்டு பிடித்தாள். கூப்பிடப் போன மகளிடம் இந்தத் தொட்டியைத் தூக்கிக் கொடுத்து, "இது உன் வீட்ல இந்த வருஷம் முடியறதுக்குள்ள பூக்கட்டும், நானும் மூட்டையக் கட்டிக்கிட்டு வரேன். ஒரு செடிய வாழவைக்கத் தெரியாத வீட்ல நான் வந்து என்னத்த வாழப்போறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து மனைவி அந்தக் கள்ளியைப் பிள்ளைத்தாய்ச்சியைப் போல் கவனித்தாள். பகலெல்லாம் ஜன்னல் வெளிச்சம், பொழுது சாய்ந்தால் தலைக்கு மேல், ஆலைக்குக் கிளம்பும்போதே போட்டுவிட்டுப் போகும் டியூப் லைட். அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பான இடம். இரண்டு வேளைத் தண்ணீர். முட்டை ஓட்டைக்கூட நசுக்கிப் போட்டாள். கள்ளி வாரத்துக்கு வாரம் கொழுத்தது. பட்டை பட்டையாகப் பச்சை மினுக்கியது. வீடு திரும்பியதும் அவன் முதலில் பட்டைகளின் நுனியைத்தான் பார்ப்பான். இவ்வளவு கொழுப்பும் எங்கே போய் முடியும், பூவில்தானே.

அக்டோபர் பாதியில், டீ நேரத்தில், வெல்டரிடம் மனசைத் திறந்தான்.

"மாமியார வரவிடாம பண்ண ஒரு வழி சொல்லுப்பா."

"யாருகிட்ட வந்து கேக்குற பாரு" என்றான் வெல்டர். "எங்க வீட்டு ரிமோட்ட நான் தொட்டு ஏழு வருஷம் ஆச்சு."

பட்டறைக்காரன் கள்ளிக் கதையைச் சொன்னான். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டான்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க. தொட்டியக் கீழ போடு. கை வழுக்கிடுச்சுன்னு சொல்லு."

"இன்னொண்ணு கொடுத்தனுப்புவாங்க. அது தானா சாகணும். நம்ம கை அதுல தெரியக் கூடாது."

வெல்டர் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே யோசித்தான். "அப்படின்னா ஒண்ணு பண்ணு. வெளிச்சம் காட்டாத. தண்ணிய நிறுத்து. குளிர்ல போடு. மனுஷனையே அப்படிப் போட்டா ரெண்டு மாசத்துல சுருண்டுடுவான், செடி எம்மாத்திரம்."

"பகல்ல அவ பாப்பாளே."

"பகல்ல எடுத்து வெளிய வை. ஜெயில்லகூட அப்படித்தான் வெக்கிறான்."

அன்று மாலையே பட்டறையில் கழிவுத் தகடு ஐந்தைப் பொறுக்கி ஒரு பெட்டி செய்தார்கள். விளிம்பை இரட்டையாக மடித்து, மூலைக்கு மூலை வெல்டர் பற்றவைத்துக் கொடுத்தான். அடிப்பக்கம் மட்டும் திறப்பு. தொட்டி மேல் கவிழ்த்தால் ஊசிமுனை வெளிச்சம்கூட உள்ளே போகாது. இருபத்தாறு வருஷத் தொழில்காரன் கை. ஒன்றைச் சாகடிக்கச் செய்வதானாலும் அரைகுறையாகச் செய்ய வராது.

சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சாமான் அறை இருந்தது. வெயில் படாத சுவர், தொட்டால் கை சில்லிடும் தரை. நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கள்ளியை அங்கே கொண்டுபோய் வைத்துப் பெட்டியைக் கவிழ்ப்பான். காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புமுன் எடுத்து ஜன்னலோரத்தில் வைத்துவிடுவான். மனைவி கேட்டபோது, "சாயங்காலம் ஜன்னல் வழியா ஊதக்காத்து அடிக்குது. பாவம், வாயில்லா ஜீவன்" என்றான். தண்ணீருக்கும் ஒரு வழி செய்தான். "காலைல நானே ஊத்திட்டேன், நீ ஊத்தாத, வேரு அழுகிடும்" என்று சொல்லிவிட்டு, ஊற்றாமல் போய்விடுவான்.

மனைவி உருகிப்போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கும்போது, மணி நாலரை அடித்ததும் அவன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைக் கதவோரம் நின்று பார்ப்பாள். ஒருநாள் போனில் அம்மாவிடம் சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

"நான்கூட மறந்துடுவேம்மா, அவரு மறக்கறதில்ல. தனியா ஒரு பெட்டியே பண்ணிட்டாரு, காத்து படக்கூடாதுன்னு. நீ வரணும்னு அவருக்குத்தான் என்னைவிட ஆசை."

போனின் அந்தப் பக்கத்தில் எப்போதும் கத்துகிற மாமியார் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பட்டறைக்காரன் அதைக் கவனித்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாசத்தில் பலன் தெரிந்தது. பட்டைகள் மினுமினுப்புப் போய் வற்றின. ஓரமெல்லாம் சிவந்து சுருங்கிற்று. ஐந்தாவது வாரக் கடைசியில் நுனிகளில் தீக்குச்சித் தலை அளவு சிவப்பாக ஏதோ கிளம்பியிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, எண்ணினால் இருபதுக்கு மேல். மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக வெல்டரிடம் சொன்னான்.

"கொப்பளம் கிளம்பிடுச்சு."

"அழுகல்தான்" என்றான் வெல்டர். "இனிமே டாக்டர் வந்தாலும் பிழைக்காது."

அன்றைக்கு டீக்காசு பட்டறைக்காரன் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போட்டுக்கொண்டு தொட்டியைத் துடைக்கப் போன மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னமோ ஏதோ என்று ஓடினால், அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது.

"மொட்டுங்க. எத்தனை மொட்டு பாருங்க. இங்க, இங்க, இதோ இங்கயும்."

பட்டறைக்காரன் குனிந்து பார்த்தான். கொப்பளம் என்று நினைத்ததெல்லாம் நுனி கூர்ந்து, இளஞ்சிவப்பில் மடல் மடலாகச் சுருட்டி வைத்திருந்தது. சந்தேகமே இல்லை, மொட்டுத்தான். "ஆமா" என்றான்.

வெல்டர் விஷயத்தைக் கேட்டுக் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "ஒழுங்கா ஒரு செடியச் சாகடிக்கக்கூடத் தெரியலையா உனக்கு" என்றான்.

இனி ஒரு வழிதான் பாக்கி. இருட்டில் மொட்டு வைத்ததென்றால் வெளிச்சத்தில் கருகிப்போகும். பட்டினியில் பிழைத்ததென்றால் தண்ணீரில் அழுகும். அன்றோடு பெட்டியைக் கவிழ்ப்பதை நிறுத்தினான். கள்ளியை ஜன்னலோரத்திலேயே விட்டான், விடாமல் தண்ணீர் வார்த்தான். மொட்டு வைத்த பிறகு அந்தக் கள்ளி கேட்பதே அந்த இரண்டையும்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மொட்டுகள் விரற்கடை நீளத்துக்கு நீண்டன. டிசம்பர் இருபதாம் தேதி முதல் பூ விரிந்தது. மறுநாள் ஆறு. வார முடிவில் தொட்டியின் நாலு பக்கமும், ஒரு பூவின் வாயிலிருந்து இன்னொரு பூ குதிக்கிற மாதிரி, இளஞ்சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது. தையல் ஆலையில் மனைவி படம் காட்டாத ஆள் இல்லை. லைன் சூப்பர்வைசர்கூடப் பார்த்துவிட்டார். அம்மாவுக்கென்று புதுக் கட்டில் ஒன்றும் வாங்கியாயிற்று.

மாமியார் ஒரு பையோடு வந்தாள், பூவைப் பார்த்துவிட்டுப் போக. மனைவி அவளை உட்காரவைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். மாமியார் பூவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கி உள்ளே தலையை விட்டு, வெளிச்சம் எங்காவது ஒழுகுகிறதா என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"எத்தனை நாள் வெச்சீங்க?"

"ஆறு வாரம், அத்தை."

"தினமும்?"

"தினமும்."

"எப்பலேர்ந்து எதுவரைக்கும்?"

"நாலரைலேர்ந்து காலைல ஆறு வரைக்கும்."

மாமியார் பெருமூச்சு விட்டாள். அதுவே அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நான்கூட இவ்வளவு சுத்தமா செஞ்சதில்ல. இதுக்கு இருட்டுதான் சாப்பாடு மாப்பிள்ளை. என் வீட்டுப் பின்ரூம்ல பல்பு போயி நாலு வருஷமாச்சு, நான் மாத்தல, அதான் அங்க பூக்குது. வெளிச்சம் பட்டா கொழுக்கும், பூக்காது. உங்க வீட்ல எல்லா ரூம்லயும் லைட்டு எரியும். எம்பொண்ணு தண்ணிய ஊத்தி ஊத்தியே கொல்லுவா. அத நம்பித்தான் கொடுத்தேன்."

பட்டறைக்காரனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப நீங்க..."

"எனக்கு வர இஷ்டமில்ல. பெத்த பொண்ணு அழுதுக்கிட்டு வந்து கூப்பிடுறா, மாட்டேன்னு எப்படிச் சொல்றது? சரி, செடி மேல பழியப் போடுவோம்னு பாத்தா, நீங்க இப்படிப் பாசத்தக் கொட்டிட்டீங்களே."

அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "பாசமெல்லாம் இல்ல அத்தை. நான் அதச் சாகடிக்கப் பாத்தேன்" என்றான்.

மாமியார் அவனையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் முதல்முறையாக அவன் பேரில் ஒரு மதிப்பு வந்தவளைப் போல் தலையை ஆட்டினாள்.

"ஏன், நான் வந்தா என்ன பண்ணுவேன்?"

"பேசுவீங்க."

"யாராவது எதிர்ல இருந்தா பேசித்தான ஆகணும், இல்லன்னா கோபமான்னு கேப்பாங்க. முப்பத்தோரு வருஷம் கத்தி என் தொண்டை தேஞ்சு போச்சு. தனியா இருந்தா சாயங்காலம் முழுக்க வாயத் திறக்கறதில்ல. அந்தச் சுகத்த விட்டுட்டு வரச் சொல்றா."

இருவரும் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் மனைவியிடம் யார் உண்மையைச் சொல்வது என்ற பேச்சு ஒரு தரம் எழுந்தது; எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தது. கீழே தெருவில் அவள், அம்மாவுக்கென்று வாங்கிய வழுக்காத ரப்பர் விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிர்ப்பட்டவளிடம் சிரித்துப் பேசிக்கொண்டே வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"சரி" என்றாள் மாமியார். "நான் வரேன். நாலரைலேர்ந்து அவ வர்ற வரைக்கும் நீங்களும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். சாப்பிட்டீங்களான்னுகூடக் கேக்கக் கூடாது."

"கூடத்துல எனக்கு ஒரு கட்டில் போட்டுக்கறேன். குறுக்க நடக்காதீங்க."

"நடக்க மாட்டேன்."

மாமியார் ஜனவரி முதல் வாரம் வந்து சேர்ந்தாள். ஒப்பந்தத்தை இருவரும் வார்த்தை தவறாமல் காத்தார்கள். அவள் சின்ன ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். அவன் கூடத்துக் கட்டிலில் காலை நீட்டிக் கிடப்பான். தண்ணீர் குடிக்க வந்தால் ஒருவர் போன பிறகு மற்றவர் வருவார். பட்டறைக்காரன் வாழ்க்கையில் இவ்வளவு ஒத்துப்போன ஆள் வேறு யாரும் இருந்ததில்லை. ஆறு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

குறை கண்டது மனைவிதான். ஒருநாள் உடம்பு சரியில்லையென்று ஏழு மணிக்கே வந்தவள், இருட்டிலும் விளக்குப் போடாமல், ஆளுக்கொரு மூலையில், வாயைத் திறக்காமல் படுத்திருக்கும் இருவரையும் பார்த்தாள். அழுதாளோ என்னவோ, மறுநாள் கண் வீங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். "சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கு முதல் ஷிப்ட். மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவேன். உங்களுக்குள்ள என்ன மனஸ்தாபமோ எனக்குத் தெரியாது, நான் கேக்கப்போறதும் இல்ல. இனிமே தினமும் சாயங்காலம் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசணும்."

"நல்லது" என்றாள் மாமியார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"ரொம்ப நல்லது" என்றான் பட்டறைக்காரன்.

"அடுத்த மாசம்வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே ஆரம்பிக்கலாமே. யாராவது ஒருத்தர் ஏதாவது பேசுங்க."

பட்டறைக்காரன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.