ஒருத்தருக்கும் விளங்காத கணக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டிமன்றத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் பிறந்த கதை இது. பெண்பிள்ளைகள் தனியே படிப்பதா, பெடியன்களோடு சேர்ந்து படிப்பதா என்பது தலைப்பு. "சேர்ந்துதான்!" என்று முழங்கினேன். எதிரணிக்காரர், "அப்ப உங்கடை பக்கத்துக்கு ஒரு கதை சொல்லுங்கோ பாப்பம்" என்றார். கதை இல்லாமல் மேடையை விட்டு இறங்கினேன். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். என் கதையில் ஒரு பெட்டை எல்லாப் பெடியன்களையும் வெல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

2

1991. வானம் கறுத்துக்கொண்டு... (வேண்டாம். கணக்கு வகுப்புக்கு எதற்கு மழை?)

அருந்ததி, நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் பரமலிங்கத்தின் மகள். அவள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சண்டையால் இடம்பெயர்ந்த சனம் வந்து தங்கியது. அதனால் உயர்தரத்தில் கணக்கு எடுத்த நாலு பிள்ளைகளையும் உரும்பிராய்ப் பக்கம் ஓர் ஆண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முன்வாங்கில் இவர்கள், பின்னால் வகுப்பு நிறையப் பெடியன்கள். மணி அடித்தால், பெண்பிள்ளைகள் கேற்றைத் தாண்டும்வரை பெடியன்கள் எழும்பக் கூடாது.

"பெட்டையளுக்குப் பயோதான் சரி, பிள்ளை. பாடமாக்கி டொக்டராகலாம். இந்தத் தவணைச் சோதினையிலை கோட்டை விட்டால் மாறவேணும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அருந்ததிக்குக் கணக்கென்றால் உயிர். பாடமாக்கி ஒப்பிப்பதென்றால் வேப்பங்காய். ஆனால் வந்த நாள் தொட்டு வகுப்பில் ஒன்றுமே விளங்கவில்லை. கேட்கலாமே என்கிறீர்களா? நல்ல கதை! "பாத்தியே, பெட்டையளுக்கு ஏறாது" என்று பின்னால் சிரிக்க மாட்டார்களா?

3

இந்த இடத்தில் அவளை எழுப்பிக் கணக்கைச் செய்ய வைத்தேன். "அவள் வெண்கட்டியை எடுத்தாள். வகுப்பே பிரமித்து..." சீ! அந்தக் கணக்கு எனக்கே தெரியாது. அவள் எப்படிச் செய்வாள்? வெட்டிவிட்டேன்.

சிவசுப்பிரமணியம் சேர் தொகையீட்டால் கரும்பலகையை நிரப்பிவிட்டு வழக்கம்போலக் கேட்டார்:

"எல்லாருக்கும் விளங்கிச்சுதோ?"

அருந்ததிக்குத் தவணைச் சோதினை நினைவுக்கு வந்தது. எழும்பிவிட்டாள்.

"சேர், எனக்கு விளங்கேல்லை."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை. பின்வாங்கில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"சேர்... எனக்கும் விளங்கேல்லை." அது கேதீஸ்வரன், வகுப்பில் முதலாம் பிள்ளை.

"எனக்கும் சேர்."

"எங்களுக்கும்!"

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: முன்பெல்லாம் "பிடிபடேல்லை சேர்!" என்று ஓயாமல் கத்திய பெடியன்கள் இவர்கள். பெட்டையள் வந்ததும் மானம் போகுமென்று வாயை மூடிவிட்டார்கள். "பெடியள் இப்ப கெட்டிக்காரராகிட்டாங்கள்" என்று பூரித்த சேரோ, பாடத்தை ஒரே ஓட்டமாக ஓட்டியிருக்கிறார்.)

சேர் மேசையில் சாய்ந்துவிட்டார்.

"அட கடவுளே! எங்கையிருந்து விளங்கேல்லை?"

"முதல் நாளிலையிருந்து, சேர்" என்றான் கேதீஸ்வரன்.

முழு வகுப்பும் சிரித்தது. அருந்ததிதான் முதலில் சிரித்தாள். கண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். சேர் பலகையைத் துடைத்துவிட்டு முதலாம் பாடத்திலிருந்து தொடங்கினார்.

4

இந்தக் கதையை வைத்து என் பக்கம் வெல்லாது. சேர்ந்து இருந்ததால்தானே எல்லாரும் ஊமையானார்கள் என்பார் எதிரணிக்காரர். சேர்ந்து இருந்ததால்தானே குட்டு உடைந்தது என்பேன் நான். போகட்டும். அருந்ததி தப்பினாளே, எனக்கு அது போதும்.

தப்பினாளா? அன்று பின்னேரம் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள்.

"அப்பா! ஒருத்தருக்குமே விளங்கேல்லையாம்!"

வாழைப் பாத்திகளுக்கு மண்வெட்டியால் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த பரமலிங்கம் நிமிர்ந்தார். "உதுக்கோ பிள்ளை இந்தச் சிரிப்பு?"

"பெடியளுக்கும் ஏறேல்லை அப்பா. அப்ப பெட்டையெண்டதாலை இல்லைத்தானே? நான் கணக்கே படிக்கட்டே?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தார்.

சோதினையில் அவள் வென்றதாக ஒரு முடிவு எழுதினேன், தோற்றதாக ஒன்று எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். பரமலிங்கத்தின் பதிலை நீங்களே சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள், அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.