மைக்கேலி என்றொரு ஜெல்லிமீன்

இராஜபாளையத்தில் பஞ்சு என்றால் மில்லுக்கு வருகிற பஞ்சுதான். கடலுக்கு அடியிலும் பஞ்சு உண்டு, அது ஓர் உயிர் என்று சொன்னால் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஏசம்மாளை அப்படித்தான் பார்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் எட்டேகால் பஸ்ஸில் வந்து கல்லூரியில் விலங்கியல் நடத்திய அவள், கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல் ஆழ்கடல் பஞ்சுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆழத்துப் பஞ்சுகளில் சிலவற்றுக்கு உடம்புக்குள் கண்ணாடி முட்கள் இருக்கும். அவை குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து வலையாக நிற்கும். எந்த முள் எத்தனை முனை, வலையின் கண் எத்தனை அகலம் என்று எண்ணித்தான் இது இன்ன இனம் என்று பிரிப்பார்கள். பத்து வருஷம் எண்ணியதில் அவள் கண் வலைக்கு அடிமைப்பட்டுப்போனது. பின்னால் வந்த வினைக்குப் பாதிக் காரணம் அந்தக் கண்தான்.

மீதிப் பாதி அவள் தம்பி மைக்கேல். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற காஸ் துணி நெய்யும் கம்பெனியில் அவனுக்குத் தறி வேலை. இடது கைப் பழக்கம், வாய் ஓயாத பேச்சு, அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. தூத்துக்குடியில் மாமா ஒருவர் விசைப்படகு வைத்திருந்தார். வலையில் சிக்கி வேண்டாமென்று மீனவர்கள் தூக்கி எறிகிற ஜந்துக்களை எனக்குக் கொண்டு வாடா என்று ஏசம்மாள் சொல்ல, எண்பத்தாறில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினான். முதல் தடவை ஒரு ஜெல்லிமீனோடு வந்தான். ஃபார்மலின் ஊற்றிய ஜாடியை நீட்டி, வழவழவென்று நழுவுது, அடிபட்டுடாமத் துணி சுத்தி வெச்சிருக்கேன் என்றான். இரண்டாவது தடவை போன படகு அவன் இல்லாமல் வந்தது. விடிகாலையில் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தவனைப் பிறகு காணவில்லை என்றார்கள். உடல் கிடைக்கவில்லை.

நான்தானே அனுப்பினேன் என்று ஏசம்மாள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டைக் குறைத்தாள், ஆளே பாதியானாள். அந்த ஜாடியைத் திறக்க அவளுக்கு ஆறு மாதம் ஆனது. திறந்த அன்று கண்ணெல்லாம் நீர். சுற்றியிருந்த துணியை உரித்துக் குப்பையில் போட்டாள். அந்த ஊரில் காஸ் துணியை யாரும் துணியென்றே மதிப்பதில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டில்தான் காப்பி வடிகட்டுவார்கள், தயிர்ப்பானை மூடுவார்கள், பலகை துடைப்பார்கள். எங்கும் இருப்பதால் கண்ணில் படாத பொருள் அது.

கண்ணில் பட்டது ஜெல்லிமீன். அதன் குடை போன்ற மேலுடம்பு முழுக்க மெல்லிய பள்ளங்கள் கட்டம் கட்டமாக ஓடின. ஒரு சென்டிமீட்டருக்கு நெடுக்கில் ஏழு, குறுக்கில் ஆறு. போதாததற்கு நான்கு வரம்புகள் சாய்வாகக் குடையைச் சுற்றின, நான்கும் இடப்பக்கமே சாய்ந்தன. மற்றபடி கைகள், விளிம்பு மடல்கள் எல்லாம் நூறு வருஷமாக எல்லாரும் அறிந்த ஓர் இனத்தைப் போலவே இருந்தன. புத்தகங்களைப் புரட்டினாள். குடையில் வலையுள்ள ஜெல்லிமீன் எதிலும் இல்லை. எண்பத்தொன்பதில் அவள் எழுதிய விவரணை ஓர் ஆய்விதழில் வந்தது. புது இனம். பெயர் மைக்கேலி.

அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அவர்கள் கத்தோலிக்கர்கள். செத்தவருக்குப் பூசை வைப்பார்கள், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். மைக்கேலுக்குக் கல்லறை இல்லை. அம்மா அவனுக்குப் பூசை வைக்கவும் ஒப்பவில்லை. யார் கேட்டாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள். விவரணை வந்த வருஷத்திலிருந்து, எல்லாரும் கல்லறைக்குப் போகிற அந்த நாளில் அம்மா பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்தாள். விலங்கியல் துறையின் காட்சி அறையில் ஸ்டூல் போட்டு ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அதுல என்ன எழுதியிருக்கே, வாசி என்பாள். மன்னார் வளைகுடாவில் வாழ்கிறது, கலங்கிய நீரில் தனித்துத் திரிகிறது என்று ஏசம்மாள் தமிழில் சொல்வாள்.

“வாழுதுன்னுதான போட்டிருக்கு?” என்று அம்மா கேட்பாள்.

“ஆமாம்மா, வாழுது.”

வாசலில் பருத்தி லாரி போனால் அலமாரி அதிரும். அப்போது ஜாடிக்குள் அந்தக் குடை ஒரு தரம் விரிந்து சுருங்கும், மூச்சு விடுவது போல. அதிர்வு என்று ஏசம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அந்த அறைக்குள் தனியாக நுழையும்போது, உள்ளே ஓர் ஆள் பேச்சை நிறுத்திக்கொண்டதாகவே இருக்கும். பயமில்லை. வெளியே வந்த பிறகு அந்த ஆளைத் தனியே விட்டுவிட்டு வந்தோமே என்று உறுத்தும், அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்றில், ஐப்பசி அடைமழையில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. வீட்டில் மைக்கேல் கொண்டுவந்து போட்ட காஸ் சுருள்கள் இன்னும் இரண்டு கிடந்தன. ஏசம்மாள் மருந்து தடவி இறுக்கிச் சுற்றிவிட்டாள். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தாள்.

வீங்கிய காலில் கட்டம் கட்டமாகப் பள்ளங்கள் ஓடின. சுற்றின் மேல் சுற்று விழுந்த இடங்களில் வரம்பு எழும்பியிருந்தது.

அவள் அளவுகோலை எடுத்து வந்தாள். நோவுது, என்னத்தட்டி அளக்கே என்று அம்மா சிடுசிடுத்தாள். நெடுக்கே பாவு இழை ஏழு, குறுக்கே ஊடை இழை ஆறு. ஒன்று மட்டும் மாறியிருந்தது. அம்மாவின் காலில் வரம்புகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ஏசம்மாள் இன்னொரு துண்டை எடுத்துத் தன் முழங்கையில் இடது கையால் சுற்றிப் பார்த்தாள். வரம்பு இடப்பக்கம் சாய்ந்தது. ஜாடிக்குள்ளும் அப்படித்தான்.

ஆறு மாதம் துணிக்குள் கிடந்து ஃபார்மலினில் இறுகிய சாதாரண ஜெல்லிமீன் அது. உலகத்துக்கே புதிது என்று அவள் எண்ணி எழுதிய அத்தனையும் மைக்கேல் நெய்த துணி, மைக்கேல் சுற்றிய சுற்று.

அதன்பிறகு அவளுக்கு நிம்மதி போயிற்று. பால்கோவாக் கடையில் பால் வடிகட்டுகிற துணியில் அந்தக் கட்டம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் நெற்றிக் கட்டில் அந்தக் கட்டம். இரண்டு ஊரையும் அவன் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான், அவள் ஏழு வருஷமாக அதற்குள் நடந்துகொண்டிருந்தாள். போதாக்குறைக்கு அந்த வாரம் கொச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தியக் கடல்களின் ஜெல்லிமீன்களுக்கு ஒருவர் பட்டியல் தயாரித்தார். உங்கள் மைக்கேலியைச் சேர்க்கிறேன், விவரணையை உறுதிப்படுத்தி ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்.

துறைத்தலைவர் சௌந்தரபாண்டியன் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். இராஜபாளையத்துக் காஸ் துணியைப் பற்றிக் கொச்சிக்காரருக்கு என்ன தெரியும், பேசாமல் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அம்மாவையும் நினைத்துப் பாருங்கள் என்றார். அம்மாவைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மறுத்து எழுதினால் மன்னார் வளைகுடாவில் வாழ்கிறவன் அன்றோடு செத்துப்போவான். முதலில் அனுப்பியதும் அவள், இப்போது கொல்லப்போவதும் அவளா? ஆனால் இல்லாத ஓர் உயிரை உண்டென்று எழுதிக் கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை. ஒன்றாம் தேதி கடிதத்தைத் தபாலில் சேர்த்தாள். நான்கே வரி. குடையில் உள்ள வலை கட்டுத்துணியின் தடம், இனம் பழையதே, மைக்கேலி என்ற பெயரை நீக்கிவிடவும்.

மறுநாள் கல்லறைத் திருநாள். அம்மா காலைத் தாங்கித் தாங்கி நடந்து காட்சி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். வாசி என்றாள். ஏசம்மாள் வாசிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், வீங்கிய காலில் பார்த்ததிலிருந்து தபாலில் போட்டது வரைக்கும்.

“அப்பம் அது மேல கெடக்கது அவன் கைச் சுத்தா?”

“ஆமாம்மா.”

“எடு. தொட்டுப் பாக்கணும்.”

ஏசம்மாள் மூடியைத் திறந்து ஜெல்லிமீனைத் தட்டில் எடுத்து வைத்தாள். நெடி கண்ணைக் கரித்தது. அம்மா ஒற்றை விரலால் அந்த வரம்பைத் தடவிக்கொண்டே போனாள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

“நொட்டாங்கைதான், இடமாவே சாயுது” என்றாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலைப் பிடித்து எழுந்து மகளைப் பார்த்தாள்.

“அவன் போய்ட்டான்னு மூணாம் நாளே எனக்குத் தெரியும்ட்டி. கெணத்துலகூட எறங்கத் தெரியாத பய. நான் எங்கிட்டு நம்புவேன்? நீ, நாந்தான அனுப்புனேன்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டுக் கெடந்தே. இந்தப் பேரை வெச்ச பொறவுதான் சோறு தின்னே. பூசை வெச்சா உனக்கு அவன் செத்துப்போயிருவான்னு சும்மா இருந்தேன். வருசா வருசம் வாசிக்கச் சொல்லுவேம்லா, அது ஒன் மூஞ்சியப் பாக்கத்தான்.”

அம்மா ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்று ஏசம்மாள் நினைத்திருந்தாள். பெற்ற மகனுக்கு ஏழு வருஷமாக அழாமல் அம்மா அவளைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இப்பம் அவனுக்கு ஒரு பூசை வைக்கலாமாட்டி?” என்று அம்மா கேட்டாள்.

கொச்சிக்கு அந்த நான்கு வரியை எழுத ஏசம்மாளுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது ஒரு ‘சரி’ சொல்ல வாய் வரவில்லை. அம்மா அவசரப்படுத்தவில்லை. மகள் தலையசைக்கிற வரைக்கும், வீங்கிய காலோடு நின்றபடியே காத்திருந்தாள்.