சாயம் படாத சீவல்

புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜெபகுமாரின் நுரையீரலிலிருந்து எடுத்த சதை, அரிசிக் குருணை அளவுதான் இருந்தது. சதை எடுக்க ஊசி குத்தியபோதே நுரையீரல் சுருங்கி, நான்கு நாள் மார்பில் குழாயோடு கிடந்தார். இன்னொரு முறை எடுக்க வழியில்லை.

பத்தொன்பது வருடமாகப் புனே மருத்துவமனையொன்றில் திசு பரிசோதிக்கும் டாக்டர் சியாமளா, அதை மெழுகில் புதைத்து ஆறு சீவல்களாக வெட்டி வைத்திருந்தாள். நோய் என்னவென்று தெரிய நான்கு வகைச் சாயம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சீவல் போய்விடும். அப்புறம் மிஞ்சும் இரண்டு, எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் மரபணுப் பரிசோதனைக்குப் போதாது.

"நாலுக்கும் ஒரே சீவல் போதுங்க டாக்டர்," என்றாள் ப்ரீத்தி. கோயம்புத்தூர்க்காரி. செயற்கை நுண்ணறிவால் சாயமிடும் மென்பொருளை மூன்று மாதமாக அந்த ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டிருந்தாள். "வெறும் சீவலைப் படம் எடுத்தா, சாயம் போட்டா எப்படி இருக்கும்னு அதுவே காட்டிரும்."

"இல்லாத செல்லைக் காட்டினா? நான்தானே கையெழுத்துப் போடணும்?"

"அப்புறம் அதே சீவலுக்கு நிஜச் சாயம் போட்டு ஒத்துப் பாத்துக்குங்க."

திரையில் முதலில் சாம்பல் மூட்டம்தான் தெரிந்தது. பிறகு இளஞ்சிவப்பு பரவியது. அதற்குள் ஊதா நிறத்தில் உட்கருக்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. சியாமளா கண்ணாடித் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. திரையிலோ ஒரு ஊரே விழித்துக்கொண்டிருந்தது. ப்ரீத்தி விசையைத் தட்டத் தட்ட, அதே செல்கள் அடுத்தடுத்த சாயங்களில் வந்து நின்றன. புற்றுநோய்தான். எந்த வகை என்பதும் தெரிந்தது.

மறுநாள் அந்தச் சீவலுக்கு நிஜச் சாயம் ஏற்றி, அதையும் திரையில் வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தாள். ஓரத்தில் மடிந்திருந்த ஒற்றைச் செல்கூட அப்படியே ஒத்துப்போனது.

"இதுக்கு எப்படித் தெரிஞ்சுது ப்ரீத்தி?"

"முழுசா எங்களுக்கே தெரியாதுங்க."

மிச்ச ஐந்து சீவல்களும் மரபணுப் பரிசோதனைக்குப் போயின. மாத்திரையால் கட்டுப்படும் வகை என்று முடிவு வந்தது. இரண்டு மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியது.

அது தெரிந்த அன்று ஜெபகுமார் ஆய்வக வாசலில் தயங்கி நின்றார். "மேடம், டாக்டர் சொன்ன அந்த ஃபோட்டோவ ஒருவாட்டி பாக்கலாமா?"

சியாமளா காட்டினாள். அவர் திரையருகே குனிந்தார்.

"கலரே போடாம எடுத்ததா?"

"ஆமா. அப்ப ஒரு சொட்டுகூடப் போடலை."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி நடைபாதையில் நின்ற மனைவியை அழைத்தார். "வல்லி, இதர் ஆ. சீக்கிரம் வா, நீயும் பாரு!"